மறு: ரயில் தடத்துக்குக் ‘கொள்ளளவு’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

> “மேற்குச் சரக்குத் தடம் வந்ததும் ரயில் பாதையின் கொள்ளளவு கூடும்” என்று மொழிபெயர்த்திருக்கிறேன். கொள்ளளவு சரிதானே? இல்லை, கொள்திறன் என்று போடலாமா?

தம்பி, கூட்ஸ் வண்டிகளுக்கென்றே போட்ட தனித் தடத்தைப் பற்றிய உங்கள் மொழிபெயர்ப்பில் ‘கெபாசிட்டி’க்கு (capacity) இந்த இரண்டுமே வேண்டாம் என்பது என் கட்சி. மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அது உள்ளே நிற்கிற தண்ணீரின் கணக்கு. டேங்கர் வேகனுக்கும் கொள்ளளவு சொல்லலாம், டீசல் அதற்குள் நிற்கிறது. ரயில் தடத்தில் எதுவும் நிற்பதற்காக வருவதில்லை. நின்றுவிட்டால் அதுதான் பிரச்சினையே. வாய்க்காலைப் பார்த்து ‘எவ்வளவு கொள்ளும்’ என்று எந்த விவசாயியும் கேட்பதில்லை, நொடிக்கு எத்தனை கன அடி போகும் என்றுதான் கேட்பார். ரயில்வேக்காரர்களும் லைன் கெபாசிட்டி என்று சொல்வது, ஒரு நாளில் எத்தனை வண்டியை அந்தப் பிரிவில் விட முடியும் என்பதைத்தான்.

அவர்கள் அதைக் கணக்கிடும் விதத்தைப் பார்த்தால் ‘கொள்’ என்ற வினை ஏன் ஒட்டவில்லை என்பது புரியும். ஸ்காட் சூத்திரம் என்று ஒன்று, ஒற்றைப் பாதைக்கு நம் ரயில்வேயில் நெடுங்காலமாகப் பயன்படுவது. பிளாக் என்பது அடுத்தடுத்த இரு ஸ்டேஷன்களுக்கு இடைப்பட்ட துண்டு, ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் அதில் போகலாம். ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். இருப்பதிலேயே அதிக நேரம் பிடிக்கும் பிளாக்கை மெதுவான வண்டி கடக்கும் நேரத்தோடு, வண்டிக்கு அனுமதி தரும் வேலைக்கான நேரத்தையும் கூட்டி, அந்தத் தொகையால் 1,440-ஐ வகுக்க வேண்டும். வருவதில் 70 விழுக்காடு மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பராமரிப்பு, தாமதம் எல்லாவற்றுக்கும் மீதி 30.

சும்மா ஒரு கணக்கு போடுகிறேன். பிளாக் 10 கிலோமீட்டர். கூட்ஸ் வண்டி மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் 15 நிமிடம். டோக்கன் (பிளாக்குக்குள் நுழைய டிரைவருக்குத் தரும் அனுமதி) வாங்கிக் கொடுக்கிற வேலைக்கு 5. ஆக 20 நிமிடத்துக்கு ஒரு வண்டி. 72 வருகிறது, அதில் 70 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 50. இரு திசையும் சேர்த்துத்தான் இந்த 50. இப்போது அந்தப் பத்து கிலோமீட்டருக்கு நட்டநடுவே, எதிரெதிர் வண்டிகள் ஒன்றையொன்று கடந்து போக ஒரு கிராசிங் ஸ்டேஷன் போடுங்கள். கடக்கும் நேரம் ஏழரை நிமிடம், கூட 5, மொத்தம் பன்னிரண்டரை. அதே 70 விழுக்காட்டுக் கணக்கில் 80 வண்டி விடலாம்! தடத்தின் நீளம் அதே பத்து கிலோமீட்டர்தான். பானையைப் பெரிதாக்காமல், நடுவில் ஒரு மதகு வைத்தே இத்தனை கூடியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ரயில்வே ஆவணங்களில் சில பிரிவுகள் 120 விழுக்காடு, 150 விழுக்காடு பயன்பாட்டில் ஓடுவதாக எழுதியிருப்பார்கள். அந்த 30 விழுக்காட்டு ஓய்வில், பராமரிப்பு நேரம் உட்பட, கைவைப்பதும் அப்படி ஓட்ட முடிவதற்கு ஒரு காரணம். ‘கொள்ளளவில் 150 விழுக்காடு’ என்று எழுதினால், படிப்பவர் எங்கேயோ கரை உடைந்துவிட்டது என்று நினைப்பார்.

> கடவுத்திறன் எப்படி? கடவுச்சீட்டு, கடவுச்சொல் எல்லாம் நிலைத்துவிட்டதே.

எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் இதே இழையில் யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியதைப் படித்தீர்களா? இலங்கையில் ‘ரயில் கடவை’ என்றால் லெவல் கிராசிங். அங்குள்ள பத்திரிகைகளில் பாதுகாப்பற்ற ரயில் கடவை என்று அடிக்கடி வரும். கடவுத்திறன் கூடியது என்று நாம் எழுதினால், கேட்டில் ஆள் போட்டுவிட்டார்கள் என்று அவர்கள் நிம்மதி அடைவார்கள்.

> கடத்துதிறன்?

இயற்பியல்காரர்கள் மின்சாரத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அதை விடுங்கள், ‘சரக்குக் கடத்துதிறன்’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மதுவிலக்குப் போலீஸ் செய்தி மாதிரி இருக்கிறது.

சரி, என் பரிந்துரை: வண்டிவிடுதிறன். சுருக்கமாக விடுதிறன்.

காரணம் எளிது. “இந்த ஊருக்கு இன்னொரு வண்டி விடக் கூடாதா?” என்றுதான் சனங்கள் கேட்கிறார்கள். “காவிரியில் தண்ணீர் விட்டுவிட்டார்களா?” என்பதும் அதே வினைதான். ரயிலுக்கும் வாய்க்காலுக்கும் ஏற்கெனவே பொதுவாக ஒரு சொல் நம் வாயில் இருக்கும்போது, புதிதாக எதற்குத் தேட வேண்டும்?

குறையும் சொல்லிவிடுகிறேன். ‘விடுதிறன்’ என்று தனியே எழுதினால் கண் முதலில் ‘விடுதி’ என்றுதான் படிக்கிறது. எழுதிப் பார்த்தபோது எனக்கே அப்படித்தான் ஆனது. அதனால் கட்டுரையில் முதல்முறை வரும்போது வண்டிவிடுதிறன் என்று முழுதாகப் போட்டுவிட்டு, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். நல்ல சுருக்கம் யாரிடமாவது இருந்தால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்கிறேன். கொள்ளளவுக்கு மட்டும் திரும்ப மாட்டேன்.

சரக்குக்குத் தனித் தடம் ஏன் என்ற உங்கள் கட்டுரையின் மையத்துக்கும் இந்தச் சொல் உதவும். எங்கள் ஊர் ஸ்டேஷனில் லூப் லைனில் (மற்ற வண்டிக்கு வழிவிட ஒதுங்கும் பக்கத் தடத்தில்) நிற்கும் கூட்ஸ் வண்டிக்கு அடியில் புகுந்து பள்ளிக்கூடம் போன தலைமுறை நான் (போகக் கூடாதுதான்). காலையில் பார்த்த அதே வண்டி சாயங்காலமும் அங்கேயே நிற்கும். பின்னால் வரும் எக்ஸ்பிரஸ் எல்லாம் அதைத் தாண்டிப் போக வேண்டும் அல்லவா? மணிக்கு 75 கிலோமீட்டர் ஓடக்கூடிய சரக்கு வண்டிகளின் சராசரி வேகம் நம் நாட்டில் 25 கிலோமீட்டரை ஒட்டியே பல ஆண்டுகள் கிடந்ததற்கு இந்தக் காத்திருப்புதான் பெரிய காரணம். வேகமானதும் மெதுவானதும் ஒரே தடத்தில் கலந்து ஓடும்போது, ஒரு வேகவண்டி பல கூட்ஸ் வண்டிகளின் இடத்தைத் தின்றுவிடுகிறது.

தனிச் சரக்குத் தடங்கள் போட்டது இந்தக் கலப்பைப் பிரிக்கத்தான். மேற்குத் தடம் தாத்ரியிலிருந்து மும்பைக்கு அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கிலோமீட்டர். கிழக்குத் தடம் பஞ்சாபின் சானேவாலிலிருந்து பீகாரின் சோன்நகர் வரை 1,337. இவ்விரண்டிலும் கூட்ஸ் மட்டுமே ஓடுவதால் வேக வேறுபாடு குறைவு, உச்ச வேகம் 100 கிலோமீட்டர். பழைய தடத்திலிருந்து கூட்ஸ் விலகுவதால் அங்கேயும் விடுதிறன் கூடுகிறது. “புதிய தடத்தால் பழைய தடத்தின் கொள்ளளவு கூடியது” என்று எழுதினால் மாயம் மாதிரி இருக்கும். ‘விடுதிறன் கூடியது’ என்றால் வாய்க்கால் வைத்துப் பாசனம் செய்கிற எவருக்கும் புரியும்.

கடைசியாக ஒன்று. உங்கள் மூலக் கட்டுரையில் கெபாசிட்டி இரண்டு பொருளில் வருகிறது, கவனித்தீர்களா? மூன்றாம் பத்தியில் வருவது வண்டி எண்ணிக்கை இல்லை, டன் கணக்கு. பழைய தடங்களில் அச்சுச்சுமை, அதாவது ஒரு ஜோடி சக்கரத்தை இணைக்கும் அச்சு தாங்கலாம் என்ற எடை, பெரும்பாலும் 22.9 டன். புதியவற்றில் தண்டவாளம் 25 டன்னுக்கு, பாலங்கள் 32.5 டன்னுக்கு. வண்டி நீளமும் ஏறக்குறைய 700 மீட்டரிலிருந்து 1,500 மீட்டர் வரை போகலாம். மேற்குத் தடத்தில் மின்கம்பிக்கு அடியிலேயே கன்டெய்னர் மேல் கன்டெய்னர் அடுக்கி ஓட்டுகிறார்கள். இவை எதுவும் விடுதிறனைக் கூட்டுவதில்லை. விடுகிற ஒவ்வொரு வண்டியும் அதிகம் சுமக்கிறது, அவ்வளவுதான். 2022 ஆகஸ்டில் சத்தீஸ்கரில் 295 வேகன்களைக் கோத்து, சூப்பர் வாசுகி என்று பெயரிட்டு, 27,000 டன் நிலக்கரியை ஒரே வண்டியாக ஓட்டினார்களே, அது இந்த வகை. எண்ணிக்கையில் ஒன்றுதான், சுமையில் பல. இதற்குச் ‘சுமைதிறன்’ என்று தனியே வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

ஆக, உங்கள் வாக்கியம்: “மேற்குச் சரக்குத் தடம் வந்ததும் பழைய பாதையின் வண்டிவிடுதிறன் கூடும், புதிய தடத்தில் ஒவ்வொரு வண்டியின் சுமைதிறனும் கூடும்.” கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை.

‘ஹெட்வே’க்கும் (அடுத்தடுத்த இரு வண்டிகளுக்கு இடையிலான இடைவெளி) சொல் கேட்டிருந்தீர்கள். அதற்கு வேறு இழை தொடங்குங்கள். இதிலேயே கலந்தால் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு நிற்கும் கூட்ஸ் கதையாகிவிடும்.

அன்புடன்.