பொதுப்பாத்தியா, பொதுப்பகுதியா?

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

கோபிசெட்டிபாளையத்தில் வரும் திங்கட்கிழமை பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு, விண்டோஸ் போன்ற இன்னோர் இயங்குதளமான லினக்ஸில் பயிற்சி தொடங்குகிறேன். கையேடு சனிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கணினியை லினக்ஸில் தொடக்கும் விரலி (பென் டிரைவ்) ஒன்றை ஒவ்வொருவருக்கும் தருகிறேன். அதில் கோப்புகளை வெவ்வேறு முறையில் அடுக்கிவைக்கும் மூன்று பிரிவுகள்: தொடக்கத்துக்கான சிறு ஃபேட்32 பிரிவு ஒன்று, லினக்ஸ் குடியிருக்கும் இஎக்ஸ்டி4 பிரிவு ஒன்று, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றும் படிக்கவும் எழுதவும் கூடிய எக்ஸ்ஃபேட் பிரிவு ஒன்று. ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை வைக்க முடியாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் மேக் தானாக எழுதாது. எக்ஸ்ஃபேட்டின் வரையறையை மைக்ரோசாஃப்ட் 2019-இல் வெளியிட்ட பிறகு லினக்ஸ் கருவிலேயே (கெர்னலிலேயே) அதற்கு இடம் கிடைத்துவிட்டதால் அதையே தேர்ந்தேன்.

இந்த மூன்றாவதற்குப் பெயர் வேண்டும். சென்ற ஆண்டுக் கையேட்டில் பார்ட்டிஷன் எனப்படும் இப்பிரிவுகளுக்கும் 'பகிர்வு' என்றே எழுதினேன், எல்லாருக்கும் பொதுவான இடத்துக்கும் 'பகிர்வு' என்றே எழுதினேன். ஒரு மாணவி வீட்டு விண்டோஸ் கணினியில் விரலியைச் செருகியதும், இஎக்ஸ்டி4 பிரிவு அதற்குப் புரியாததால், ஃபார்மட் செய்யட்டுமா (அழித்துப் புதிதாக்கட்டுமா) என்று திரை கேட்டிருக்கிறது. 'பகிர்வைத் தேவையானால் ஃபார்மட் செய்துகொள்ளலாம்' என்ற என் வரியை நம்பி அவள் ஆம் என்று அழுத்தினாள். லினக்ஸோடு அவள் எழுதிவைத்த நிரல்களும் போயின. பிழை என் சொல்லுடையது.

*

தம்பி, பிழை சொல்லின் வேரிலேயே இருக்கிறது. 'பகு' என்பது கூறுபோடுவதையும் குறிக்கும், பங்கிட்டுக் கொடுப்பதையும் குறிக்கும். 'பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்' என்ற வள்ளுவர், 'பாத்தூண் மரீஇ யவனை' என்றும் பாடினார். பகுத்து என்பதே அங்குப் பாத்து என நிற்கிறது. அந்தப் பாத்திலிருந்து பிறந்ததே 'பாத்தி' என்பது என் துணிபு. கீழ்பவானிப் பாசனத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுகிறவரைப் பாருங்கள்: ஒரு பாத்தி நிறைந்ததும் மம்முட்டியால் ஒரு வெட்டு மண்ணை அள்ளி மடையை அடைத்து, அடுத்த பாத்தியின் வாயைத் திறப்பார். இடையில் இருப்பது ஒரு சாண் வரப்புதான். ஆனாலும் நிலம் ஒன்று, பாத்தி வேறு வேறு. பார்ட்டிஷன் என்பதும் அதுவே. ஆகவே பார்ட்டிஷனுக்குப் 'பாத்தி', நீங்கள் கேட்டதற்குப் 'பொதுப்பாத்தி'.

— ஈரோட்டிலிருந்து

*

ஐயா, உங்கள் சொல்லாய்வு மனத்துக்கு நிறைவளித்தது. ஆனால் ஏற்க இயலவில்லை. ஈரோட்டு மஞ்சள் சந்தையில் விரலி என்றாலே மஞ்சள்தான். பாத்தியில் விரலி விளையும் என்று அறிந்த பிள்ளையிடம் விரலிக்குள் பாத்தி என்றால் உவமை தலைகீழாகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்கோ பாத்தியையே விளக்க வேண்டியிருக்கும். 'பகுதி' என்பதும் அதே வேரிலிருந்து வந்ததுதானே? 'பொதுப்பகுதி' என்றால் யாரும் அகராதியைத் தேட மாட்டார்கள்.

— திருப்பூரிலிருந்து

*

அம்மணி, பகுதி விகுதி என்று இலக்கண வகுப்பில் படித்துவிட்டு வரும் மாணவனுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே சுமை தாங்கி நிற்கிறது. ஊரின் ஒரு பக்கமும் பகுதிதான். வரப்பு இல்லாத சொல் அது. 'பகிர்களம்' என்றாலாவது பகிர்ந்த, பகிர்கின்ற, பகிரும் என முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகையாகும். நன்னூலார் 'காலங் கரந்த பெயரெச்சம்' என்றது இதைத்தான்.

— ஈரோட்டிலிருந்து

*

ஐயா, 'பகிர்' என்று வந்தாலே சென்ற ஆண்டுக் குழப்பம் திரும்பிவிடுமோ என்று அஞ்சுகிறேன். மடல் எழுதியவர்களில் பெரும்பாலோர் 'பொதுப்பகுதி'க்கு இசைந்திருப்பதால் அதையே அச்சுக்குக் கொடுக்கிறேன். 'பகிர்வு' கையேட்டின் எந்தப் பக்கத்திலும் இராது. இரண்டாவதான இஎக்ஸ்டி4 பிரிவுக்கு 'லினக்ஸ் பகுதி' என்று பெயரிட்டு, திரை ஃபார்மட் கேட்டால் 'வேண்டாம்' என்று அழுத்தும்படி முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன்.

— கோபியிலிருந்து

*

அச்சிடுங்கள் தம்பி, பிள்ளைகளின் வேலை கெடாமல் இருக்கட்டும். என் இசைவு இதற்கில்லை என்பதைக் குழுவின் ஏட்டில் குறித்துவையுங்கள். அடுத்த பதிப்பின்போது பாத்தியை மறுபடியும் கொண்டுவருவேன்.