நர்ஸுக்குக் கனடா: படிப்பு விசாவா, நேரடி பிஆரா (நிரந்தர வசிப்புரிமையா)?

கோவை_அண்ணன்:
தங்கை பி.எஸ்சி. நர்சிங், வயது 28, ஐசியுவில் நாலு வருட அனுபவம். ஏஜென்ட் ஒருவர், ஒன்டாரியோவில் போஸ்ட் கிராஜுவேட் சர்டிஃபிகேட் ஒன்று படித்தால் அங்கேயே நர்ஸ் ஆகிவிடலாம் என்கிறார். எல்லாம் சேர்த்து இருபது லட்சம் தாண்டுகிறது. வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வார்டு_நம்பர்_7:
வாங்காதீர்கள். அந்தப் படிப்பு லைசென்ஸ் தராது. லைசென்ஸ் கொடுப்பது காலேஜ் ஆஃப் நர்சஸ் ஆஃப் ஒன்டாரியோ, சுருக்கமாக சிஎன்ஓ. அவர்கள் கேட்பது என்க்ளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வு, அந்த ஊர் நர்சிங் சட்டத்தில் ஒரு தேர்வு, ஆங்கிலத் திறன், சமீபத்திய பணி அனுபவம். என்க்ளெக்ஸை இந்தியாவிலேயே எழுதலாம். முன்பு நம் சிலபஸை அவர்கள் டிகிரியோடு ஒப்பிட்டு, இது இல்லை அது இல்லை என்று இழுத்தடிப்பார்கள். 2025 ஏப்ரலில் அதை மாற்றிவிட்டார்கள். சொந்த நாட்டில் அங்கீகாரம் பெற்ற நர்சிங் படிப்பு என்றால் ஏற்கிறார்கள். அந்தக் குறையை நிரப்பத்தான் பலரும் அங்கே போய் மறுபடி படித்தார்கள். இப்போது எதற்கு இருபது லட்சம்?

பிராம்ப்டன்_பாலா:
லைசென்ஸ் பற்றிச் சொன்னது சரி. விசா? கனடாவில் வேலை செய்யும் உரிமை இல்லாமல் சிஎன்ஓ பதிவே முடியாது. புள்ளி போட்டு பிஆருக்கு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி கணக்கைப் போட்டே காட்டுகிறேன். கல்யாணம் ஆகாத 28 வயது: வயதுக்கு 110, டிகிரிக்கு 120, ஐஇஎல்டிஎஸ் ஜெனரலில் சிஎல்பி 9 (கனடிய மொழித்திறன் அளவில் 9-ஆம் நிலை) எடுத்தால் 124, டிகிரியும் ஆங்கிலமும் சேர்வதற்கு 25, மூன்று வருடத்துக்கு மேல் வெளிநாட்டு அனுபவத்துக்கு 50. மொத்தம் 429. 2024 பிப்ரவரியில் ஹெல்த்கேர் பிரிவுக்கான கட்ஆஃப் 422. அன்றைக்கு இது போதும். 2025 மே மாதம் 510, ஆகஸ்டில் 470. இந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு கோவையில் உட்கார்ந்து என்ன செய்வது? அங்கே ஒரு வருடம் படித்தால் 15, ஒரு வருடம் வேலை பார்த்தால் 40. நான் அப்படித்தான் வந்தேன்.

வார்டு_நம்பர்_7:
அந்த 40 சும்மா வராது பாலா. முழுநேர மாணவராக இருக்கும்போது செய்யும் வேலை கனடிய அனுபவக் கணக்கில் சேராது. படிப்பு முடிந்ததும் தரும் ஒர்க் பர்மிட்டோ, குறுகிய கோர்ஸ் என்றால் கோர்ஸ் எவ்வளவு காலமோ அவ்வளவுதான். எட்டு மாத சர்டிஃபிகேட்டை வைத்துக்கொண்டு ஒரு வருட அனுபவம் எப்படிச் சேர்ப்பாள்? ஏஜென்ட் அப்புறம் மெதுவாக "இன்னொரு சர்டிஃபிகேட் சேர்த்துக்கோங்க" என்பார். இருபது முப்பத்தைந்தாகும். தவிர, கட்டணம் போக வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 22,895 கனடிய டாலர் காட்ட வேண்டும், 2025 செப்டம்பர் முதல்.

பிராம்ப்டன்_பாலா:
இரண்டு வருடம் படித்தால் மூன்று வருடம் வரை பர்மிட் உண்டு. அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே?

ஸ்காபரோ_அக்கா:
தம்பிமார் இரண்டு பேரும் வேலை என்று பொதுவாகச் சொல்கிறீர்கள். என்ன வேலை என்பதில்தான் பிள்ளைகள் மாட்டுப்படுகிறார்கள். லைசென்ஸ் வரும்வரை பிஎஸ்டபிள்யூ (நோயாளிகளையும் முதியவர்களையும் கவனிக்கும் உதவியாளர்) வேலைக்குத்தான் போவார்கள். நர்சிங் ஹோமிலோ ஆஸ்பத்திரியிலோ செய்தால் அது 33102 என்ற தொழில் குறியீட்டுக்குள் வரும், எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு உதவும். அதே குளிப்பாட்டல், அதே மருந்து நினைவூட்டல், ஆனால் ஆட்களின் வீட்டுக்குப் போய்ச் செய்தால் 44101. எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் கனடிய அனுபவப் பிரிவில் அதை எடுக்கமாட்டார்கள். ஏஜென்சி எங்கே அனுப்புகிறதோ அங்கே போய்விட்டு, வருடம் முடிந்தபிறகு அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பிஆரோடு வந்தால் எல்லாம் சரியென்றும் நினைக்காதீர்கள். என்னோடு வேலை செய்கிறவர்களில் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வார்டு நடத்திய ஆட்கள் இருக்கிறார்கள். பிஆர் இருந்தது, வாடகையும் இருந்தது. இரவு வேலை, பிள்ளைகள், சோதனைக்குப் படிக்க நேரமில்லை. அதற்குள் பழைய அனுபவம் காலாவதியாகிவிட்டது. 2022 தையில் ஒன்ராறியோவில் மேற்பார்வையோடு ஆஸ்பத்திரியில் பயிற்சி செய்கிற திட்டம் வந்தபிறகுதான் சிலர் மீண்டார்கள். எந்த விசாவில் வந்தாலும் என்க்ளெக்ஸை இந்தியாவிலேயே முடித்துவிட்டு விமானம் ஏறச் சொல்லுங்கள்.

மண்ணின்_மைந்தன்:
எல்லோரும் கிளம்பிவிட்டால் இங்கே வார்டை யார் பார்ப்பது? நம் வரிப்பணத்தில் படித்துவிட்டு...

வார்டு_நம்பர்_7:
அவள் படித்தது தனியார் கல்லூரி என்றால் வரிப்பணம் எங்கே வந்தது? எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி அரசு வேலைக்கு வந்தவர்களே தொகுப்பூதியத்தில் கிடந்து நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்களே, அப்போது எங்கே போயிருந்தீர்கள்? இந்தப் பேச்சுக்குத் தனி இழை தொடங்குங்கள்.

கோவை_அண்ணன்:
தனியார் கல்லூரிதான், அதற்கு வாங்கிய கடனே இப்போதுதான் முடிந்தது. ஒன்டாரியோ இல்லாமல் வேறு மாகாணம்?

வார்டு_நம்பர்_7:
நோவா ஸ்கோஷியாவைப் பாருங்கள். 2023-இல் இந்தியா உட்பட ஏழு நாடுகளில் பதிவு பெற்ற நர்ஸ்களுக்கு நீண்ட மதிப்பீட்டை நீக்கி, நேராகத் தேர்வுக்குப் போகலாம் என்றார்கள். மாகாண நாமினேஷன், அதாவது பிஆருக்கு மாகாண அரசின் பரிந்துரை, கிடைத்தால் 600 புள்ளி. 429 ஆயிரத்தைத் தாண்டிவிடும். கட்ஆஃப் பற்றிய பேச்சே இல்லை.

பிராம்ப்டன்_பாலா:
கிடைத்தால். கோவையில் இருப்பவளுக்கு நாமினேஷன் தானாக வந்து விழாது. பெரும்பாலும் அங்கே ஒரு ஆஸ்பத்திரி வேலை தர முன்வர வேண்டும்.

ஸ்காபரோ_அக்கா:
என்க்ளெக்ஸ் பாஸ் பண்ணின ஆளுக்கு வேலை தர முன்வருவார்கள், பாஸ் பண்ணாத ஆளைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். அண்ணன், முதலில் கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட், தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் வெரிஃபிகேஷன், வேலை செய்கிற ஆஸ்பத்திரியின் அனுபவக் கடிதம் மூன்றையும் எடுக்கச் சொல்லுங்கள். வேலையை விட்டபிறகு அந்தக் கடிதத்துக்கு அலைய வைப்பார்கள்.

கோவை_அண்ணன்:
சரி அக்கா. கடன் விண்ணப்பத்தை இப்போதைக்கு நிறுத்திவைக்கிறோம். தேர்வு முடிவு வந்த பிறகு மற்றதைப் பேசலாம் என்று தங்கையும் சொல்கிறாள்.

பிராம்ப்டன்_பாலா:
நிறுத்துங்கள், ஆனால் ரொம்ப நாள் நிறுத்தாதீர்கள். 30 வயதிலிருந்து வருடத்துக்கு ஐந்தாறு புள்ளி குறையும். வார்டு 7 சொல்கிற நாமினேஷனுக்குக் காத்திருந்து 33 ஆகிவிட்டால் அந்தப் புள்ளிகளை யார் தருவார்?