யுகாதாவுக்குக் கட்டும் முடிச்சையே திருமணத்திற்கும் கட்டலாமா?

கேள்வி
வணக்கம். கோடை விழாக்களுக்கு யுகாதா என்னும் மெல்லிய கோடைக் கிமோனோவை உடுத்தும்போது, அரையகல ஒபியில் (ஒபி என்பது கிமோனோவின் இடைப்பட்டி) புன்கோ என்னும் பட்டாம்பூச்சி வடிவ முடிச்சு போட்டுக்கொள்வது என் வழக்கம். இப்போது கியோத்தோவில் நடக்கவிருக்கும் ஒரு திருமணத்திற்கு ஹோமோங்கி என்னும் விசேஷ நிகழ்வுக் கிமோனோவும் ஃபுகுரோ என்னும் பொன்னிழை ஓடிய நீண்ட ஒபியும் உடுத்திச் செல்ல இருக்கிறேன். பழகிய புன்கோவே போதுமா? மேலும், ஒபியை முன்புறம் கட்டிப் பின்னால் திருப்பும்போதெல்லாம் என் கழுத்துப்பட்டை நெகிழ்ந்துவிடுகிறதே, ஏன்?

மறுமொழி 1
ஹோமோங்கிக்குப் பொருத்தமானது நிஜூதைக்கோ என்னும் இரட்டைத் தைக்கோ கட்டுதான் (தைக்கோ என்பது முதுகில் பெட்டி போல் அமையும் கட்டு). ஃபுகுரோ ஒபி ஏறத்தாழ 31 செ.மீ. அகலமும் 4.2 மீட்டருக்கு மேல் நீளமும் கொண்டது என்பதால், முதுகில் அமையும் பெட்டி போன்ற பகுதியை இரண்டு மடிப்பாக அமைக்க முடிகிறது. மகிழ்ச்சி இரட்டிக்க வேண்டும் என்பதே இதன் உட்கருத்து. துயரம் மீண்டும் வரக் கூடாது என்பதால், துக்க நிகழ்வுக்கு நகோயா என்னும் நீளம் குறைந்த ஒபியைக் கறுப்பு நிறத்தில் ஒற்றை மடிப்பாகவே கட்டுவார்கள். இந்த வேறுபாடு ஜப்பானிய உடைமரபின் மிக நுட்பமான பண்பு என்று நான் கருதுகிறேன்.

மறுமொழி 2
தைக்கோவில் பெரும்பாலும் முடிச்சைவிடத் தாங்குதலே முக்கியம். ஒபிமகுரா என்னும் சிறு திண்டு மேல்விளிம்பைத் தாங்குகிறது; ஒபியாகே என்னும் மென்பட்டுத் துணி அத்திண்டை மறைக்கிறது; ஒபிஜிமே என்னும் கயிறு, உள்ளே செருகிய குறுமுனையோடு சேர்த்து அனைத்தையும் இறுக்கிப் பிடிக்கிறது. கீழே தொங்கும் தாரே பகுதி ஆள்காட்டி விரலின் நீளத்திற்கு, அதாவது ஏழெட்டு செ.மீ. அளவுக்குத் தெரிந்தால் சரியாக இருக்கும். திண்டு முதுகோடு ஒட்டாமல் நின்றால் எவ்வளவு அழகாக மடித்தாலும் சற்று நேரத்தில் சரிந்துவிடும். ஆகவே அதன் நாடாவை முன்புறம் இறுக்கிக் கட்டி, ஒபிக்குள் ஆழமாகத் தள்ளிவிடுங்கள்.

கழுத்துப்பட்டை நெகிழ்வதற்குக் காரணம், நீங்கள் திருப்பும் திசையாகத்தான் இருக்க வேண்டும். கிமோனோவில் இடப்பக்கம் மேலே வருவதால், முன்புறத்து முடிச்சை உங்கள் வலப்பக்கமாகவே பின்னுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எதிர்த்திசையில் திருப்பினால் மேல்மடிப்பு பிரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. நான் திருமணமாகாதவள். ஃபுகுரா சுசுமே கட்டு வேண்டுமா?

மறுமொழி 1
வேண்டியதில்லை. சிறகு விரித்த குருவி வடிவிலான அக்கட்டு, நீண்ட சட்டைக் கைகளை உடைய ஃபுரிசோதே கிமோனோவுக்கு உரியது. ஹோமோங்கி உடுத்தினால், மணமாகாதவர்களும் இரட்டைத் தைக்கோவே கட்டலாம். ஒபிஜிமே மட்டும் பொன் அல்லது வெள்ளி கலந்ததாக இருக்கட்டும்.