ஃபைப்ரோமயால்ஜியா: ரிப்போர்ட் எல்லாம் நார்மல், அப்புறம் வலி எங்கிருந்து?

இளமாறன்:
அக்காவுக்குப் பல மாதங்களாக உடம்பெல்லாம் வலி. அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகள், தைராய்டு, எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாகிவிட்டது. ஒன்றிலும் குறை இல்லை. கடைசியில் ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பெங்கும் நீடிக்கும் வலி நோய், என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காரணம் பிடிபடாத வலிக்கெல்லாம் ஒரு பெயரை வைத்து அனுப்பிவிடுகிறார்களோ என்றுதான் எனக்குப் படுகிறது. கொடுத்த மாத்திரை டுலாக்செடின். அது மனச்சோர்வுக்கான மருந்து. அப்படியென்றால் இது மன உளைச்சல்தான் என்று மருத்துவரே ஒப்புக்கொண்ட மாதிரி இல்லையா?

கயல்விழி:
இந்த வலியோடு வாழ்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன் சகோதரரே, அக்காவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். சட்டைத் தையல் தோளில் அழுந்தினாலே எரிகிறது. இரவு முழுக்கத் தூங்கி எழுந்தாலும் அடித்துப் போட்டது மாதிரி இருக்கிறது. வாய்வரை வந்த சொல் மறந்துபோகிறது.

டுலாக்செடின் விஷயத்துக்கு வருகிறேன். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியை அடக்கும் நரம்புப் பாதை ஒன்று நம் எல்லோருக்கும் உண்டு. அது செரடோனின், நார்எபிநெஃப்ரின் என்ற ரசாயனங்களை வைத்து வேலை செய்கிறது. இந்த மருந்து அவற்றைக் கூட்டுகிறது. சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலிக்கும் இதே மருந்தைத்தான் கொடுக்கிறார்கள். அவர்களைப் பார்த்து மன உளைச்சல் என்று யாரும் சொல்வதில்லையே?

2002இல் ஓர் ஆய்வு வந்தது. கட்டைவிரல் நகத்தை அழுத்தி, அதே நேரம் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். நோயாளிகளுக்குக் குறைந்த அழுத்தத்திலேயே மூளையின் வலிப் பகுதிகள் இயங்கின. மற்றவர்களுக்கு அதே அளவு வலி வரவும் அந்தப் பகுதிகள் இயங்கவும் வெகுவாகக் கூடுதல் அழுத்தம் தேவைப்பட்டது. நோயாளிகளின் தண்டுவட நீரில் சப்ஸ்டன்ஸ் பி என்ற வலி கடத்தும் பொருள் மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்ததையும் 1990களில் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

இளமாறன்:
அக்காவுக்கு வலி இல்லை என்று நான் சொல்லவில்லை. வலியைக் கிளப்புவது எது என்பதுதான் என் கேள்வி. பயத்தில் இருப்பவரின் மூளையும் கூடுதலாகத்தானே இயங்கும்? இன்னொன்று, நோயைக் கண்டறிய 1990இல் வகுத்த விதிப்படி உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து குறைந்தது 11 இடத்தில் வலித்தால் இந்த நோய் என்றார்கள். 2010இல் அதைக் கைவிட்டுவிட்டார்கள். விதியே மாறிக்கொண்டிருக்கும் நோயை எப்படி நம்புவது?

மருதன்:
பிசியோதெரபிஸ்ட் நான். விதி மாறியதற்குக் காரணம் இருக்கிறது. அழுத்துகிற கைக்குத் தகுந்தபடி எண்ணிக்கை மாறியது. தூக்கம், சோர்வு, மறதி எதுவும் கணக்கில் வரவில்லை. இப்போது எத்தனை இடங்களில் வலி, மற்ற அறிகுறிகள் எவ்வளவு கடுமை, மூன்று மாதமாவது நீடித்ததா என்று பார்க்கிறார்கள்.

மன அழுத்தம் தூண்டலாம், உண்மைதான். தொற்று, விபத்து, குடும்ப வழி மரபு, தூக்கக் கேடு இவையும் தூண்டலாம். 1970களிலேயே ஆரோக்கியமானவர்களின் ஆழ்ந்த உறக்கத்தை மட்டும் கலைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் தசை வலி வந்தது. 2021இல் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள்களை (நோய் எதிர்ப்புப் புரதங்களை) எலிகளுக்குச் செலுத்தினார்கள். உடம்பை அழுத்தினாலும் குளிர் பட்டாலும் எலிகள் வலியில் கூசின. எலிக்கு எந்த மன உளைச்சலை நாம் ஏற்றினோம், சொல்லுங்கள்? எல்லா நோயாளிகளுக்கும் காரணம் இதுதான் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் வெறும் பெயர் என்று தள்ளிவிடவும் முடியாது.

கயல்விழியோடு எனக்கு ஒரு வேறுபாடு உண்டு. மருந்தை நீங்கள் முன்னால் வைக்கிறீர்கள். ஐரோப்பிய வாதநோய் அமைப்பின் 2016 பரிந்துரையில் 'வலுவாக' என்று சொல்லப்பட்டது உடற்பயிற்சிக்கு மட்டும்தான்.

கயல்விழி:
அந்த ஒரு வரியால் எத்தனை பேர் படுக்கையில் விழுந்திருக்கிறோம் தெரியுமா? "நட, ஓடு, எல்லாம் சரியாகும்" என்றார்கள். நல்ல நாளில் ஆசைப்பட்டு நிறைய நடந்தேன், அடுத்த சில நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. அப்புறம் சோம்பேறி என்ற பட்டம் வேறு! ப்ரிகாபலின் என்ற நரம்பு வலி மருந்து, டுலாக்செடின் இரண்டையும் அமெரிக்கா 2007, 2008இல் இதற்கென்றே அனுமதித்தது. மருந்தால் கொஞ்சம் தூக்கம் வந்த பிறகுதான் என்னால் காலை எடுத்து வைக்கவே முடிந்தது.

மருதன்:
நீங்கள் சொல்வது நடக்கிறது, அது பயிற்சி சொல்லிக் கொடுக்கிறவர்களின் தவறு. ஐந்து நிமிட நடையில் தொடங்கலாம். நல்ல நாளிலும் அதே ஐந்து, மோசமான நாளிலும் முடிந்தவரை அதே ஐந்து. உடம்பு பழகிய பிறகு ஒரு நிமிடம் கூட்டலாம். வெதுவெதுப்பான நீரில் செய்யும் பயிற்சியைப் பலரால் தாங்க முடிகிறது. மெதுவாக அசைந்து செய்யும் சீனப் பயிற்சியான தாய் சீயை 66 பேரிடம் 12 வாரம் செய்து பார்த்து, 2010இல் நல்ல பலன் என்று வெளியிட்டார்கள்.

அந்த இரண்டு மருந்துகளுக்கும் இதே நோய்க்கான அனுமதியை ஐரோப்பா தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிலருக்கு நன்றாகவே கேட்கிறது, பலருக்குக் கேட்பதில்லை.

வானதி:
நடுவே ஒரு வார்த்தை. மூட்டு வீக்கம், காய்ச்சல், எடை குறைவு, கைகால் பலவீனம் புதிதாக வந்தால் எல்லாவற்றையும் ஃபைப்ரோவின் தலையில் கட்டாதீர்கள். முடக்குவாதமும் இதுவும் ஒருவருக்கே சேர்ந்து வரலாம். ஓபியாய்டு என்ற அபின் வகை வலி மாத்திரைகளுக்குப் பழகிவிடவும் வேண்டாம். இந்த வலியை அவை தீர்ப்பதில்லை, விடுவதும் கடினம்.

இளமாறன்:
மனநிலைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். வலியைச் சமாளிக்க உளவியல் சிகிச்சையையும் பரிந்துரைக்கிறார்களே. ஐந்து நிமிட நடையை அக்காவிடம் சொல்கிறேன், கூடவே நானும் நடக்கிறேன். மாத்திரையால் குமட்டுகிறது என்று இன்றோடு நிறுத்தப் போகிறாளாம். நிறுத்தலாமா?

கயல்விழி:
தானாக நிறுத்த வேண்டாம். திடீரென்று விட்டால் தலைசுற்றும், உடம்பில் ஷாக் அடிப்பது மாதிரி இருக்கும். தொடக்கக் குமட்டல் பலருக்குச் சில வாரத்தில் அடங்கிவிடும். சாப்பிட்ட பிறகு போடலாமா, அளவைக் குறைக்கலாமா என்று எழுதிக் கொடுத்தவரிடமே நாளைக்குக் கேட்கச் சொல்லுங்கள்.