புதுப்பிப்பு: பார்டெண்டர் நேர்காணல், வேலை கிடைத்துவிட்டது

முன்அனுபவம் இல்லாமல் பார்டெண்டர் (பாரில் மது கலந்து பரிமாறுபவர்) வேலைக்கான நேர்காணலுக்குப் போகிறேன், எப்படித் தயாராவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வேலை கிடைத்துவிட்டது!

பெரிதும் கைகொடுத்தது, "நூறு காக்டெய்லை (கலவை மதுபானங்களை) மனப்பாடம் செய்யாதீர்கள், அடிப்படையான சிலவற்றைக் காரணத்தோடு படியுங்கள்" என்ற யோசனைதான். முதல் கேள்வியே எதைக் குலுக்குவது, எதைக் கிளறுவது என்பதுதான். எலுமிச்சைச் சாறு சேரும் டைகிரி, விஸ்கி சவர் போன்ற காக்டெய்ல்களை ஷேக்கரில் (மூடியுள்ள குலுக்கும் குவளையில்) குலுக்க வேண்டும். சாறே சேராத நெக்ரோனி, மன்ஹாட்டன் போன்றவற்றை ஐஸோடு கிளற வேண்டும், குலுக்கினால் கலங்கிவிடும் என்றேன். நெக்ரோனியின் அளவையும் கேட்டார்கள்: ஜின், கம்பாரி (கசப்பான சிவப்பு மது), இனிப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்) மூன்றும் சம அளவு, 30 மில்லி வீதம்.

அடுத்து ஊற்றிக் காட்டச் சொன்னார்கள். பாட்டிலில் தண்ணீர் நிரப்பிப் பழகச் சொன்னவருக்குத் தனி நன்றி, கை நடுங்கவே இல்லை.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. மேலாளர், அளவுக்கு மீறிக் குடித்த வாடிக்கையாளர்போல நடித்து இன்னொரு கிளாஸ் கேட்டார். "இனி மது தர முடியாதுங்க, தண்ணீர் தர்றேன். வீட்டுக்குப் போக வண்டி சொல்லட்டுமா?" என்று குரலை உயர்த்தாமல் சொன்னேன். அதிக நேரம் போனது இதற்குத்தான், அது நியாயமும்கூட. நேர்காணலுக்குப் போகிறவர்கள் இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.