உதவி தேவை: ஹெட்போனில் அதிரும் பேஸ், மேடையில் காணாமல் போகிறது (பறை கலந்த ஹிப் ஹாப் பீட்)

வியாசர்பாடி இரவுகள்:
வணக்கம். பகலில் கூரியர் வேலை, இரவு பத்து மணிக்கு மேல் பீட் வேலை. மூன்று ஆண்டுகளாக இப்படித்தான் போகிறது. எங்கள் பகுதியில் தமிழில் ராப் பாடும் நான்கு பேருக்கு நான்தான் இசை செய்து தருகிறேன். ஒற்றை அறை வீடு, அம்மா உறங்கிக்கொண்டிருப்பார். அதனால் எல்லாம் ஹெட்போனில்தான், ஸ்பீக்கர் கிடையாது.

இப்போதைய பீட் 84 பிபிஎம் (நிமிடத்துக்கு 84 தாள அடி). என் மாமா பறை அடிப்பவர். அவர் மொட்டை மாடியில் அரை மணி நேரம் வாசித்ததைக் கைப்பேசியில் பதிவுசெய்து, அடி அடியாக வெட்டி அடுக்கினேன். அடியில் 808 பேஸ் (808 டிரம் மெஷினிலிருந்து வந்த ஆழ்ந்த பேஸ் ஒலி), ஜி சுரத்தில். ஹெட்போனில் நெஞ்சை இடிக்கிறது. போன ஞாயிறு ஒரு சிறிய அரங்கில் போட்டால் பேஸ் அறவே இல்லை, பறை மட்டும் தகரம்போலக் கேட்டது. பாடிக்கொண்டிருந்தவன் பாதியில் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

இன்னொன்று: சில பறை அடிகள் பேஸோடு சேர்கின்றன, சில அபசுரமாக உரசுகின்றன. ஒரே பறை, ஒரே கைதான். பேஸை ஏற்றிப் பார்த்தேன், ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஸர் போட்டுப் பார்த்தேன், பயனில்லை. எங்கே தவறு?

கலவை மேசை:
பேஸ் தடத்தில் ஸ்டீரியோவை அகலமாக்கும் பிளகின் (மென்பொருளில் சேர்க்கும் துணைக் கருவி) ஏதும் இருக்கிறதா? இருந்தால் அதன் அமைப்பு என்ன?

வியாசர்பாடி இரவுகள்:
இருக்கிறது. வலப்பக்கத்தை 10 மில்லி விநாடி தாமதப்படுத்தியிருக்கிறேன். ஹெட்போனில் பேஸ் தலையைச் சுற்றி விரிந்தது, மிகவும் பிடித்திருந்தது.

கலவை மேசை:
அதுதான் காரணம். கணக்கைப் பாருங்கள். தாழ்ந்த ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 49 அலைகள். அலையின் ஒரு சுற்றுக்குச் சுமார் 20 மில்லி விநாடி. வலப்பக்கம் 10 மில்லி விநாடி பிந்தினால், இடப்பக்க அலை மேலே ஏறும்போது வலப்பக்க அலை கீழே இறங்குகிறது. ஹெட்போனில் இரண்டும் வெவ்வேறு காதுகளுக்குப் போவதால் ஒன்றும் தெரியாது. சிறிய அரங்குகள் பலவற்றில் ஒலிபெருக்கிகள் மோனோவில்தான், அதாவது இடம் வலம் இரண்டையும் ஒரே ஒலியாகச் சேர்த்துத்தான் ஓடும். அங்கே இரண்டும் ஒன்றாகக் கலந்தவுடன் ஒன்றையொன்று அழித்துவிடும். நீங்கள் பேஸை எவ்வளவு ஏற்றினாலும் அழிவதும் அவ்வளவே ஏறும்.

எல்லாத் தடங்களும் வந்து சேரும் மாஸ்டர் தடத்தை மோனோவாக்கிக் கேளுங்கள், உடனே புரியும். பேஸிலிருந்து அந்தப் பிளகினை எடுத்துவிடுங்கள். விரிவு வேண்டுமென்றால் பறையின் மேல் ஒலிகளில் வையுங்கள். சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் நடுவிலேயே இருக்கட்டும்.

தப்பாட்டக் கலைஞர், தஞ்சை:
தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு மென்பொருளில் விடை இல்லை. மாமா வாசிப்பதற்கு முன் பறையை நெருப்பில் காய்ச்சினாரா? காய்ச்சிய சூட்டில் தோல் இறுகிச் சுருதி ஏறும். ஆற ஆறத் தொய்ந்து இறங்கும். அதனால்தான் நிகழ்ச்சிக்கு நடுவில் மறுபடி வைக்கோலைக் கொளுத்துகிறோம். அரை மணி நேரப் பதிவில் முதல் ஐந்து நிமிடத்துப் பறையும் கடைசி ஐந்து நிமிடத்துப் பறையும் ஒன்றல்ல. நீங்கள் இரண்டையும் கலந்து அடுக்கியிருக்கிறீர்கள்.

காய்ச்சிய உடனே வாசித்த பகுதியிலிருந்து மட்டும் வெட்டுங்கள். அடிக்குச்சி அடிகளைத் தனியாகவும் சிண்டுக்குச்சி அடிகளைத் தனியாகவும் பிரித்து வையுங்கள்; கனம் முன்னதில், படபடப்பு பின்னதில். பேஸைப் பறையின் சுருதிக்குக் கொண்டுவாருங்கள், பறையைப் பேஸுக்கு இழுக்காதீர்கள். இழுத்தால் தோலின் குரல் போய்விடும்.

பாட்டு வெளிவரும்போது மாமாவின் பெயரும் அதில் வர வேண்டும், பணம் வந்தால் அவருக்கும் பங்கு. எங்கள் வாசிப்பை வெட்டி எடுத்துக்கொண்டு "பறை ஒலி" என்று மட்டும் போட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நான்கு பட்டன்:
மேலே சொன்னது சட்டப்படியும் சரி. வாசிப்பவருக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் உரிமை உண்டு. 2012 திருத்தம் அதை வலுப்படுத்தியது. அந்த நான்கு பேரோடும் யாருக்கு எவ்வளவு என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதுவது நல்லது.

பீட்டுக்கு வந்தால்: கைப்பேசி ஸ்பீக்கரில் 49 ஹெர்ட்ஸ் வரவே வராது. பேஸில் கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகக் கரகரப்பாக்குவது) சேர்த்தால் 98, 147, 196 ஹெர்ட்ஸில் துணை ஒலிகள் எழும். அவற்றைக் கேட்டு அடிச்சுரத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். வெட்டிய அடிகளை எல்லாம் மென்பொருளின் தாளக் கட்டத்தில் துல்லியமாக ஒட்ட வைத்திருந்தால் சிலவற்றை விடுவியுங்கள். டெட்ராய்ட்டின் ஹிப் ஹாப் இசையமைப்பாளர் ஜே டில்லா, எம்பிசி 3000 என்ற பீட் கருவியில் அடிகளை ஒரு துளி முன்பின்னாகத் தள்ளித்தான் அந்த நடையைக் கொண்டுவந்தார். உங்கள் 84 பிபிஎம்மில் 54 சதவீத ஸ்விங் (ஒவ்வோர் இரண்டாவது அடியையும் சற்றுப் பிந்தவிடுவது) என்பது சுமார் 14 மில்லி விநாடிப் பிந்தல். அங்கிருந்து தொடங்கிப் பாருங்கள்.

வியாசர்பாடி இரவுகள்:
மோனோவில் கேட்டேன். பேஸ் அப்படியே மறைந்தது. பிளகினை எடுத்தேன், திரும்பி வந்துவிட்டது. பக்கத்து டீக்கடை ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன், கல்லாப்பெட்டியில் சில்லறை அதிர்ந்தது.

பறை விஷயம் அப்படியே உண்மை. கடைசி அடிகள் முதல் அடிகளைவிட ஏறக்குறைய ஒரு முழுச் சுரம் இறங்கியிருக்கின்றன. தஞ்சை அண்ணன் சொன்னதை மாமாவிடம் படித்துக் காட்டினேன். "அன்றைக்கே கேட்டிருந்தால் நடுவில் ஒருமுறை காய்ச்சியிருப்பேனே" என்றார். வரும் ஞாயிறு மறுபடி பதிவு. வைக்கோல் வாங்கி மாடியில் வைத்துவிட்டேன்.