அளவியல் கணக்கில் எனக்குக் கைகொடுத்தவை

டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் திறனறிவுக்கு 25. பரப்பளவும் கன அளவும் அதன் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். கட்-ஆஃப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு அந்த ஒன்றரையின் அருமை தெரியும். அதனால் இந்தப் பகுதியை யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதமே உண்டு.

நூலகத்தில் எங்களோடு படித்த அக்கா ஒருவர் தமிழ் இலக்கியப் பட்டதாரி. கூம்பு என்றாலே பக்கத்தைத் திருப்பிவிடுவார். வளைபரப்புக்கு 'பை ஆர் எல்' என்று மனப்பாடமாகச் சொல்வார். அந்த 'எல்' எங்கே இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. ஒரு நாள் நோட்டுத் தாளில் 14 செ.மீ ஆரத்துக்கு அரைவட்டம் வெட்டி, கடலைப் பொட்டலம் மாதிரி சுருட்டி அவர் கையில் கொடுத்தேன். அரைவட்டத்தின் ஆரம்தான் இப்போது சாயுயரம், அதாவது அந்த 'எல்'. வளைந்த விளிம்பு 44 செ.மீ, அதுவே பொட்டலத்து வாயின் சுற்றளவு. அப்படியானால் வாயின் ஆரம் 7. தாளின் பரப்பு மாறவில்லை, 308 ச.செ.மீ. வாய்ப்பாட்டில் போட்டாலும் 22/7 × 7 × 14, அதே 308. அக்கா தாளைப் பிரித்துப் பார்த்தார், மறுபடி சுருட்டினார். அப்புறம் சாயுயரத்தையும் உயரத்தையும் அவர் குழப்பிக்கொண்டதே இல்லை.

இன்னொன்று, உருக்கி வார்க்கும் கணக்கு. 9 செ.மீ ஆரமுள்ள உலோகக் கோளத்தை உருக்கி, 2 மி.மீ விட்டமுள்ள கம்பியாக நீட்டினால் நீளம் எவ்வளவு? இதைப் பார்த்ததும் பலர் 22/7-ஐப் போட்டுப் பெருக்க ஆரம்பிப்பார்கள். தேவையே இல்லை. இரண்டு பக்கமும் பை இருக்கிறது, அடித்துவிடலாம். கோளத்துக்கு 4/3 × 729, அதாவது 972. கம்பியின் ஆரம் 0.1 செ.மீ, அதன் வர்க்கம் 0.01. வகுத்தால் 97,200 செ.மீ, அதாவது 972 மீட்டர். இங்கே விட்டத்தையே ஆரமாக எடுத்தால் 243 மீட்டர் வரும். கேள்வி தயாரிப்பவர் அந்த 243-ஐயும் விடைகளுக்குள் வைத்தால், வந்த எண் அங்கே இருக்கிறதே என்று நம்பிக் குறித்துவிடுவோம். அதனால் கேள்வியைப் படிக்கும்போதே 'விட்டம்' என்ற சொல்லுக்கும் 'மி.மீ'க்கும் அடிக்கோடு போட்டுவிடுங்கள்.

விகிதக் கேள்விகளுக்கு எண்ணே வேண்டாம். உருளையின் ஆரம் இரட்டிப்பாகி உயரம் பாதியானால் வளைபரப்பு அப்படியே இருக்கும், கன அளவு இரண்டு மடங்காகும். ஆரம், உயரம் இரண்டும் சமமான கூம்பு, அரைக்கோளம், உருளை ஆகியவற்றின் கன அளவுகள் 1:2:3. வட்டத்தின் ஆரம் 10 சதவீதம் கூடினால் பரப்பு 21 சதவீதம் கூடும். இவை விரல்நுனியில் இருந்தால் போதும்.

பாதை போடும் கணக்குக்கு மட்டும் படம் வரைந்தே தீர வேண்டும். 50 மீ நீளம், 30 மீ அகலத் தோட்டத்துக்கு வெளியே சுற்றிலும் 2 மீ பாதை என்றால் இரு பக்கமும் சேர்த்து 4 கூட வேண்டும்: 54 × 34, கழித்தல் 1,500, ஆக 336 ச.மீ. மனதிலேயே போட்டால் பலர் 2 மட்டும் கூட்டிவிடுகிறார்கள். நேரம் போகுமே என்று படத்தைத் தவிர்க்காதீர்கள். ஒரு செவ்வகத்துக்குள் இன்னொரு செவ்வகம், அவ்வளவுதான்.

பயிற்சிக்கு 8-ஆம் வகுப்பிலிருந்து 10-ஆம் வகுப்பு வரையுள்ள அரசுப் பாடநூல்களின் அளவியல் பகுதியை முதலில் முடித்துவிடுங்கள். எடுத்துக்காட்டுக் கணக்குகளையும் விடாமல் போடுங்கள். வழிகாட்டி நூல்கள் அப்புறம்.